கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் பிள்ளையைத் தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர்க்கப் போகிறீர்களா? முதல் முறை விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு

வேறு எதையும் தொடங்கும் முன் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் வைத்தது, தாள் நழுவி விழாதது. அதன் மேல் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். எல்.கே.ஜி.யில் ஆரம்பித்து எட்டாம் வகுப்பு முடிய 10 வருடம், அதற்குப் பிறகு இன்னும் 4 வருடம் அந்த ஃபைல் உங்கள் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். ஏன் 14 வருடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது திருப்பூரில். பனியன் கம்பெனிகளுக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த தெரு எங்களுடையது. சில வருடங்களாக ஏப்ரல், மே மாதங்களில் ஷிப்ட் முடித்து வரும் அம்மா அப்பாக்களுக்கு இந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறேன். தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இடம் கிடைத்தும் கட்டணம் கேட்டு அலைக்கழிக்கப்பட்டவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கையில் காகிதம் இல்லை. அதனால்தான் ஃபைலிலிருந்து ஆரம்பித்தேன்.

இது யாரும் போடும் பிச்சை கிடையாது

முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி அலுவலகத்தில் நிற்கும்போது உங்கள் குரல் உள்ளே போகாமல் இருக்க இது உதவும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்று 45-ஆம் பிரிவில் சொன்னது. 1960-க்குள் நடந்திருக்க வேண்டியது. நடக்கவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்து, 21-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது: 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை. அதைச் செயல்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து வருடத்தில் முடிக்கச் சொன்ன வேலை சட்டமாவதற்கே அறுபது வருடம் பிடித்தது.

அந்தச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுதான் நாம் பேசும் 25 சதவீத ஒதுக்கீடு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளி, தன் நுழைவு வகுப்பில் குறைந்தது நான்கில் ஒரு இடத்தை அக்கம்பக்கத்தில் வாழும் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அந்தப் பணத்தை அரசு பள்ளிக்குத் தரும். தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று உறுதி செய்தது.

முதல் படி: உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வருகிறது?

தமிழ்நாட்டில் இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ஒன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோரும் இதில் வருவார்கள். இவர்களுக்குக் கேட்பது சாதிச் சான்றிதழ். ஆதரவற்ற குழந்தை, எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தை, மூன்றாம் பாலினக் குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை, துப்புரவுத் தொழிலாளரின் குழந்தை ஆகியோரும் இந்தப் பிரிவில்தான். இந்த ஐந்து வகையினருக்கும் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. உங்கள் பிள்ளை இதில் வந்தால் அந்தக் கட்டத்தைத் தவறாமல் நிரப்பி, அதற்குரிய சான்றை இணையுங்கள். தூய்மைப் பணியில் இருக்கும் ஒரு அக்கா, வெட்கப்பட்டு அதை எழுதாமல் விட்டார். குலுக்கலில் பெயர் வரவில்லை. எழுதியிருந்தால் குலுக்கலுக்கே போயிருக்க வேண்டாம்.

இரண்டாவது, நலிவடைந்த பிரிவினர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். சாதி எதுவானாலும் சரி. இதற்குத்தான் வருமானச் சான்றிதழ்.

எங்கள் பக்கம் அம்மா டெய்லர், அப்பா கட்டிங் என்று இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் வருமானம் 2 லட்சத்தைத் தாண்டிவிடும். "அப்போ நமக்கு இல்லைங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். கையில் எம்.பி.சி. சான்றிதழ் இருக்கும்! சாதிச் சான்றிதழ் இருந்தால் முதல் வழியில் விண்ணப்பியுங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்ட யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வயது: எல்.கே.ஜி.க்கு, சேரும் ஆண்டின் ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருக்க வேண்டும், 4 முடிந்திருக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளி என்றால் 5 வயது முடிந்திருக்க வேண்டும். ஆக, ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு வருடம்தான் வாய்ப்பு. எல்.கே.ஜி. வைத்திருக்கும் பள்ளியில் அந்த வருடத்தை விட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நுழைவு வகுப்பில் மட்டும்தான் இந்தக் கதவு திறக்கும்.

இரண்டாம் படி: ஜனவரியிலேயே காகித வேலை

விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும். அப்போது ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம், கிராம நிர்வாக அலுவலர் வேறு வேலையில் இருப்பார், சர்வர் நின்றுபோகும். பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பியுங்கள்.

பிறப்புச் சான்றிதழை எடுத்து முதலில் ஒன்றைப் பாருங்கள்: அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டோம். "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும் சான்றிதழோடு வருபவர்கள் வருடா வருடம் உண்டு. பிறந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பதிவாளரிடம் போக வேண்டும். தாய்வீட்டில் பிரசவம் பார்த்திருந்தால் அந்த ஊருக்கே போக வேண்டியிருக்கும். ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் போகும் வேலை என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழே இல்லை என்றால்? வயதுச் சான்று இல்லாத காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளியில் இதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இணையதளத்தில் தாளைப் பதிவேற்றச் சொல்லும் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் நகராது. உரிமையைப் பேசிக்கொண்டே சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருப்பதுதான் இன்றைய நிலைமை.

சாதிச் சான்றிதழ் பிள்ளையின் பெயரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெற்றோரின் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்; பிள்ளைக்கு ஆயுள் முழுக்கப் பயன்படும். வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை. ஒரு வருடம்தான் செல்லும். போன வருடம் வாங்கியது இருக்கிறது என்று நம்பிவிடாமல் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது முகவரி. எங்கள் ஊரில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒதுக்கீடு, பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில். குடும்பமோ தேனியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வந்து ஐந்து வருடமாக இங்கே வாடகைக்கு இருக்கும். ரேஷன் கார்டும் ஆதாரும் சொந்த ஊர் முகவரியில் இருக்கும். "கார்டை மாத்துனா ஊர்ல அரிசி நின்னு போகும், ஓட்டுப் போயிரும்" என்ற பயம். பயப்பட வேண்டாம். ரேஷன் கார்டு இங்கே மாறினால் அரிசி இங்கே கிடைக்கும். வாக்காளர் பட்டியல் வேறு துறை, அதற்குத் தனி விண்ணப்பம். வீட்டுக்காரரிடம் வாடகை ஒப்பந்தம் கேட்டு வாங்கி, ஆதார் முகவரியையாவது ஜனவரியில் மாற்றிவிடுங்கள். ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் தயங்கினால், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு என்று காரணத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

மூன்றாம் படி: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். அதில் இரண்டு வகைப் பள்ளிகளை அடித்துவிடுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் வராது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளும் வராது. உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதியிடம் விட்டிருக்கிறது. அதுவரை பழைய தீர்ப்புதான். தமிழ்நாட்டில் பெயர்பெற்ற பள்ளிகள் பல சிறுபான்மைப் பள்ளிகள் என்பதால், ஆசைப்பட்டு நடந்து ஏமாற வேண்டாம்.

மிச்சமுள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இணையதளத்தில் சரிபாருங்கள். எல்.கே.ஜி.யில் 40 பேர் சேரும் பள்ளி என்றால் 10 இடம் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய பள்ளியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அங்கே எல்லோரும் போட்டிருப்பார்கள். சின்னப் பள்ளிகளில் இடம் நிரம்பாமல் கிடப்பதும் உண்டு.

வேன் கட்டணம் இந்த இலவசத்தில் சேராது. தூரத்துப் பள்ளிக்கு ஆசைப்படும் முன் மாத வேன் செலவைக் கணக்குப் போடுங்கள். 10 வருடத்துக்கு.

நான்காம் படி: விண்ணப்பம்

வீட்டிலிருந்து போனிலேயே நிரப்பலாம். இ-சேவை மையம், வட்டாரக் கல்வி அலுவலகம், முதன்மைக் கல்வி அலுவலகம் போன்ற இடங்களிலும் உதவி கேட்கலாம். விண்ணப்பம் இலவசம்.

மூன்று விஷயத்தில் கவனம். செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிடுவார். தகவல் எல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியும்போது தேதி முடிந்திருக்கும். அடுத்து, வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும் இடம். சென்டரில் உட்கார்ந்து குறித்தால் சில சமயம் சென்டரே உங்கள் வீடாகப் பதிவாகிவிடும். முந்தின நாளே உங்கள் வாசலில் நின்று போனில் இருப்பிடத்தைச் சேமித்துக்கொண்டு போங்கள். மூன்றாவது, பெயர் எழுத்துக்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதிவிட்டு ஆதாரைத் திருத்தக் கொடுங்கள்.

விண்ணப்ப எண் வரும் தாளை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன் என்பார்கள். போன் தொலைந்துபோகும்.

ஐந்தாம் படி: குலுக்கல்

விண்ணப்பம் இடத்தைவிட அதிகமாக வந்தால் குலுக்கல். பள்ளியில், கல்வித் துறை சார்பில் ஒருவர் முன்னிலையில், பெற்றோர் பார்க்க நடக்க வேண்டும். அன்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் சீட்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள். தேர்வானோர் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் ஒட்டப்படும். இரண்டையும் படம் எடுங்கள். காத்திருப்போரில் பெயர் இருந்தால் வாரம் ஒருமுறை போய்க் கேளுங்கள். வேறு பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் விலகும்போது இடம் காலியாகும்.

சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பதும், பெற்றோரை உட்கார வைத்து "என்ன படிச்சிருக்கீங்க" என்று நேர்காணல் நடத்துவதும் சட்டப்படி குற்றம். 13-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். நன்கொடை வாங்கினால், வாங்கியதைப் போல பத்து மடங்கு வரை.

ஆறாம் படி: சேர்ந்த பிறகு வரும் சிக்கல்

முன்னால் சொன்ன எல்லாவற்றையும்விட இது பெரியது. நிதானமாகப் படியுங்கள்.

இடம் கிடைத்த சந்தோஷத்தில் போவீர்கள். ஆபீசில் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். புத்தகம், சீருடை, ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா. கூட்டினால் பத்தாயிரத்தைத் தொடும். "டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் ஃப்ரீ, இதெல்லாம் நீங்க கட்டணும்" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னார். ரசீது கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குப் பாடநூல், எழுதுபொருள், சீருடை ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதைக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் விதிகள் எழுதிவைத்திருக்கின்றன. இப்படிப் பணம் கேட்ட ஒரு வழக்கில், பாடநூல், சீருடை உள்ளிட்ட செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதும், தனி நேரத்தில் வகுப்பு எடுப்பதும் கூடாது.

பள்ளி ஏன் கேட்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு அரசு தன் பள்ளிகளில் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான் பள்ளிக்குப் போகும். அதுவும் வருடக்கணக்கில் தாமதமாக. பெரிய நிர்வாகங்கள் தாங்கும்; நாலு ஓட்டு அறையில் நடக்கும் சின்னப் பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பளமே தள்ளாடும். ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்ந்து தர வேண்டிய பணம் இது. தேசியக் கல்விக் கொள்கை, ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டம் ஆகியவை தொடர்பான மோதலில் ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியது. அதனால் 2025-26 கல்வியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சேர்க்கை வழக்கமான மாதங்களில் தொடங்கவே இல்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியை அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று சொன்னது. அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. இரண்டு அரசுகள் மோதிக்கொண்ட அந்த நான்கைந்து மாதத்தில், காத்திருந்த குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டின.

இதெல்லாம் உண்மை. ஆனாலும் அரசுக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள கணக்கை உங்கள் தலையில் கட்டச் சட்டத்தில் இடமில்லை. எனவே பணம் கேட்டால் கோபப்படாமல், "எழுத்துல குடுங்க சார், வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். வெளியே வந்து ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்:

"அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி). பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். ஐயா, என் மகள் (பெயர்), கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவின்கீழ், (விண்ணப்ப எண்) மூலம் தங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பில் சேர்ந்துள்ளார். (தேதி) அன்று தங்கள் அலுவலகத்தில் (இன்னின்ன) இனங்களுக்காக ரூ. ___ கட்டும்படி சொல்லப்பட்டது. இந்தத் தொகை எந்த அரசாணையின்படி, எந்த இனத்துக்காகக் கேட்கப்படுகிறது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். குற்றச்சாட்டு இல்லை, மிரட்டல் இல்லை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, தபால் ரசீதை ஃபைலில் வையுங்கள். நான் எழுதிக் கொடுத்த இப்படிப்பட்ட கடிதங்களில் பாதிக்கு மேல், கடிதம் போன வாரத்திலேயே பணப் பேச்சு நின்றுபோனது. கட்டியே தீர வேண்டிய சூழ்நிலை வந்தால், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: கடிதத்துக்கும் அசையாவிட்டால்

கடிதத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அலுவலகத்தில் அப்படிக் கேட்டால்தான் சரியான மேசையைக் காட்டுவார்கள். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், பதில் வந்தாக வேண்டும். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணிலும் சொல்லலாம். சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, எழுத்துமூலப் புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்தப் பள்ளிக்கு எத்தனை ஒதுக்கீட்டு இடங்கள், எத்தனை நிரம்பின, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தொகை அரசு வழங்கியது என்று முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. அழைக்க 15100.

"பிள்ளைய மனசுல வெச்சுப் பழிவாங்கிருவாங்களோ" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். அதனால் தனியாகப் போகாதீர்கள். அதே பள்ளியில் ஒதுக்கீட்டில் சேர்ந்த மற்ற பெற்றோரைக் கண்டுபிடியுங்கள். தேர்வானோர் பட்டியலைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவில் எந்தப் பிள்ளையையும் தனியாகக் குறிவைக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது என்று 16-ஆம் பிரிவு தடுக்கிறது.

இடம் கிடைக்காவிட்டால்

பக்கத்து அரசுப் பள்ளிக்கு நேராகப் போங்கள். காத்திருந்து வருடத்தை வீணாக்காதீர்கள். தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீதம்தான் கல்வி உரிமை என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. அது தவறு. அரசுப் பள்ளியில் 6 வயது முதல் உங்கள் பிள்ளைக்கு உள்ள இடம் குலுக்கல் இல்லாத, முழுமையான உரிமை. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, மதியச் சத்துணவு, தொடக்கப் பள்ளியில் காலை உணவு எல்லாம் அங்கே உண்டு. ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அதில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

வீடு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒதுக்கீட்டு இடம் அந்த ஒரு பள்ளிக்கு மட்டுமே உரியது. ஊர் மாறினால் இன்னொரு தனியார் பள்ளியில் அதே சலுகையைக் கேட்க முடியாது. மாற்றிக் கேட்கும் உரிமை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான். அங்கே மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

கடைசிப் படி: எட்டாம் வகுப்பு முடியும் நாள்

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இடம் இது. பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்ததும் ஒதுக்கீடும் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும். பத்து வருடம் ஒரே பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிள்ளை, சிநேகிதர்களை விட்டுப் பிரிந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு வருடம் முன்பு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். 14 வயதோடு உரிமையை நிறுத்திக்கொண்டது அரசியல் சட்டத் திருத்தத்தின் பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். பக்கத்தில் ஆங்கில வழிப் பிரிவு உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி எது என்று பார்த்து, ஏழாம் வகுப்பு விடுமுறையில் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கடன் வாங்கித் தனியார் பள்ளியிலேயே தொடர்வதா என்று யோசிப்பவர்கள், முடிவெடுக்கும் முன் அடுத்த பத்தியைப் படித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எட்டுவரை கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இது உண்டு. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அதே வழி இருக்கிறது.

அப்போது கேட்பார்கள்: எட்டுவரை படித்தது ஒதுக்கீட்டில்தான் என்பதற்குச் சான்று எங்கே? அதற்குள் அந்தப் பள்ளியின் நிர்வாகம் மாறியிருக்கலாம், பள்ளியே மூடியிருக்கலாம். அதனால் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே, ஒதுக்கீட்டில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை படித்தார் என்று பள்ளியின் தலைப்புத்தாளில் தலைமை ஆசிரியரின் கையெழுத்து, முத்திரையோடு ஒரு சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். வாங்கி வந்து, எல்.கே.ஜி. விண்ணப்பத்தின் அச்சுப் பிரதிக்கும் தேர்வானோர் பட்டியலின் படத்துக்கும் பின்னால், அதே ஃபைலில் வையுங்கள்.